ஹெச்-இண்டெக்ஸ் பார்ப்பதா, ஆர்.சி.ஆர். பார்ப்பதா, கட்டுரையைப் படிப்பதா?

கையில் ஒரு பெயர் இருக்கிறது. உயிர்மருத்துவ ஆய்வாளர் ஒருவருடைய பெயர். அவரைப் பணிக்கு எடுக்கலாமா என்று ஒரு தேர்வுக் குழு கூடுகிறது. அவரிடம் பிஎச்.டி.க்குச் சேரலாமா என்று ஒரு மாணவி யோசிக்கிறாள். அவர் கேட்கும் ஆய்வு நிதியைக் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கோப்பைப் புரட்டுகிறார். மூவரும் முதலில் செய்வது ஒரே வேலைதான். பெயரை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தட்டி, பக்கத்தின் ஓரத்தில் தெரியும் சின்னக் கட்டத்தைப் பார்ப்பார்கள். மொத்த மேற்கோள் (அதாவது அவருடைய கட்டுரைகளைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் சுட்டியது) இவ்வளவு, அந்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ஹெச்-இண்டெக்ஸ் இவ்வளவு. அரை நிமிடத்தில் ஆளைப் பற்றி ஒரு முடிவு மனதில் உட்கார்ந்துவிடும். அப்புறம் படிக்கிறதெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடுகிற வேலையாகத்தான் போகும்.

இப்படிப்பட்ட பட்டியல்களைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். "எதைப் பார்ப்பது? கூகுளா, ஸ்கோப்பஸா, வெப் ஆஃப் சயன்ஸா?" என்று மேற்கோள் தரவுத்தளங்களைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "எதற்காகப் பார்க்கிறீர்கள்?" என்பதைத்தான். மாணவிக்குத் தேவையான பதில் வேறு, குழுவுக்குத் தேவையான பதில் வேறு. ஆனாலும் உயிர்மருத்துவத்தைப் பொறுத்தவரை எனக்கென்று ஒரு சாய்வு உண்டு. அதை மறைக்காமலே ஒப்பிடுகிறேன்.

ஒரே ஆள், நான்கு எண்கள்

ஒரே ஆய்வாளரைக் கூகுள் ஸ்காலர், ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ், ஓப்பன்அலெக்ஸ் என்று நான்கு இடங்களில் தேடினால் பெரும்பாலும் நான்கு ஹெச்-இண்டெக்ஸ் கிடைக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. எங்கே வந்த மேற்கோளை எண்ணுவது, எதை விட்டுவிடுவது என்பதில் ஒவ்வொன்றும் வேறு கோடு கிழித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கூகுள் ஸ்காலரும் ஸ்கோப்பஸும் 2004 நவம்பரில், ஒரே மாதத்தில் பிறந்தவை. குணம் நேர் எதிர். கூகுள் ஸ்காலர் வலையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொள்ளும்: ஆய்விதழ்க் கட்டுரை, பிஎச்.டி. ஆய்வேடு, அச்சுக்கு முந்தைய வடிவம், மாநாட்டுச் சுருக்கம், புத்தகம். அதனால் அதன் எண் ஏறக்குறைய எப்போதும் மற்றவற்றைவிடப் பெரிதாகவே இருக்கும். ஸ்கோப்பஸ் எல்சவியர் நிறுவனத்துடையது. ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர்க்கும். வெப் ஆஃப் சயன்ஸ் இன்னும் பழைய வீடு. யூஜீன் கார்ஃபீல்ட் 1955இல் சயன்ஸ் இதழில் முன்வைத்த மேற்கோள் அட்டவணை என்ற யோசனையிலிருந்து வளர்ந்தது. இன்று கிளாரிவேட் நிறுவனத்திடம் இருக்கிறது. சேர்ப்பதில் கறார் அதிகம், சேர்த்ததை நீக்கவும் தயங்காது. 2023 மார்ச்சில் ஒரே வீச்சில் 50க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களை நீக்கினார்கள். அவற்றில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டுக்கொண்டிருந்த பொதுச் சுகாதார இதழ் ஒன்றும் இருந்தது.

கூகுளின் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சுக் கணினி ஆய்வாளர், ஐக் ஆண்ட்கேர் என்ற இல்லாத மனிதரை உண்டாக்கினார். கணினியே எழுதிய வெற்றுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டின. கூகுள் ஸ்காலர் கணக்கில் அந்த இல்லாத மனிதரின் ஹெச்-இண்டெக்ஸ் 94க்குப் போனது. ஓட்டையை அடைத்திருப்பார்கள் என்று நினைத்தால், 2024இல் லாரி என்ற பூனை வந்தது. ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே தந்திரத்தால் அந்தப் பூனைக்கு 132 மேற்கோளும் 11 என்ற ஹெச்-இண்டெக்ஸும் வாங்கிக் கொடுத்தார்கள். 11 என்பது, உழைத்து முன்னேறிக்கொண்டிருக்கும் ஓர் இளம் ஆய்வாளரிடம் இருக்கக்கூடிய எண். செய்தி பரவிய பிறகு கூகுள் அந்த மேற்கோள்களை நீக்கியது. சந்தேகம் பூனையின் மேல் வரும் என்பதால் அது மாட்டிக்கொண்டது. அதே வழியில் போகும் மனிதர் மேல் அவ்வளவு சீக்கிரம் சந்தேகம் வராது.

ஓப்பன்அலெக்ஸ் இந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்த பிள்ளை. மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தரவுத்தளத்தை 2021 இறுதியில் மூடியதும், அந்த இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் வந்தது. தரவு முழுவதையும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயன்ஸ் சந்தாவை 2024இலிருந்து நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்தது. நூற்றுக்கணக்கான ஆய்வாளர்களை ஒரே மூச்சில் ஒப்பிட வேண்டுமானால் இதைத்தான் எடுப்பேன். ஒரே ஒரு ஆளைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமானால் கொஞ்சம் யோசிப்பேன். ஒரே ஆளை இரண்டாக உடைப்பதும், இரண்டு ஆட்களை ஒன்றாக ஒட்டுவதும் இங்கே இன்னும் நடக்கிறது.

ஒட்டிப்போவதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஒரு தேர்வுக் குழுவுக்காக நான் தயாரித்த பட்டியலில் இதய ஆய்வாளர் ஒருவருக்கு 31 என்று ஹெச்-இண்டெக்ஸ் போட்டிருந்தேன். அவருடைய கூகுள் ஸ்காலர் ப்ரொஃபைலில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியது. கூட்டத்துக்கு முந்தைய மாலை, சும்மா ஒருமுறை கட்டுரைத் தலைப்புகளை ஓட்டிப் பார்த்தபோது, ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் டிரோபோனினுக்கும் நடுவில் தக்காளி இலைச்சுருள் வைரஸ் எட்டிப் பார்த்தது. அதே பெயர், அதே இனிஷியல், வேறு ஆள். தாவர நோய் ஆய்வாளர். தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை இதய ஆய்வாளர் திறந்து வைத்திருந்திருக்கிறார். கூகுள் இரண்டு வாழ்க்கையையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டது. பிரித்துப் பார்த்தால் இதயத்துக்கு வந்தது 19. அவர் ஏமாற்றவில்லை. தன் பக்கத்தையே அவர் பார்த்து நாளாகியிருக்கும். தப்பு என்னுடையது, தலைப்புகளை முதல் நாளே படித்திருக்க வேண்டும்.

இதற்கு மருந்தாக 2012இல் வந்தது ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண். 16 இலக்கங்கள், ஆளுக்கு ஒன்று. ஆய்வாளர் அதை ஒழுங்காகப் பராமரித்தால் வேலை பாதி முடிந்தது. பலர் பதிவு செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

சரி, தரவுத்தளங்களை மட்டும் ஒப்பிட்டால் என் தீர்ப்பு இது. ஆளைக் கண்டுபிடிக்கவும் கட்டுரையின் இலவசப் பிரதி எங்கே கிடைக்கும் என்று பார்க்கவும் கூகுள் ஸ்காலர். ஓர் எண்ணைக் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமானால் ஸ்கோப்பஸ் அல்லது வெப் ஆஃப் சயன்ஸ். எதிலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஒருவருக்கு கூகுள் எண்ணும் போட்டியாளருக்கு ஸ்கோப்பஸ் எண்ணும் போட்டு ஒப்பிடுவது மட்டும் கூடாது. நடக்காது என்று நினைக்காதீர்கள். விண்ணப்பத்தில் அவரவர் தனக்குச் சாதகமான எண்ணைத்தான் எழுதுவார்கள்.

எட்டும் எட்டும்

ஹெச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த இயற்பியலாளர். கணக்கு எளிது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். எட்டாவது கட்டுரைக்குக் குறைந்தது எட்டு மேற்கோள் இருந்து, ஒன்பதாவதற்கு ஒன்பது இல்லையென்றால், ஹெச் 8.

கற்பனையாக இரண்டு பேரை எடுப்போம். முதலாமவரின் பத்துக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்கள்: 120, 64, 40, 22, 15, 9, 8, 8, 7, 3. இரண்டாமவருக்கு: 12, 11, 10, 10, 9, 9, 8, 8, 4, 2. இருவருக்கும் ஹெச் 8தான். மொத்த மேற்கோளோ முதலாமவருக்கு 296, இரண்டாமவருக்கு 83. ஹெச்-இண்டெக்ஸ் இருவரும் சமம் என்கிறது. மொத்தக் கணக்கு முதலாமவர் மூன்று மடங்குக்கும் மேல் என்கிறது. இன்னும் நாம் ஒரு கட்டுரையையும் திறக்கவில்லை.

திறந்தால் கதை மாறலாம். முதலாமவரின் 120 மேற்கோள் கட்டுரை ஒரு ரிவ்யூ, அதாவது பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதியது. தொகுப்புரைகளுக்கு மேற்கோள் அள்ளிக்கொண்டு வரும், ஏனென்றால் அறிமுகப் பத்தி எழுதுகிற எல்லோருக்கும் அது வசதி. 64ம் 40ம் பல நாட்டுக் கூட்டு ஆய்வுகள்; நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவில் அவர் பெயரும் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒதுக்கி வைத்தால் அவருடைய ஹெச் 6. இரண்டாமவரின் பத்தில் ஏழு, அவரே முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ இருப்பவை. எல்லாம் ஓர் அரிய நோயைப் பற்றியவை.

இந்த முதல், கடைசி விஷயம் உயிர்மருத்துவத்துக்கு உயிர்நாடி. கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம். இடத்துக்கு அர்த்தம் கிடையாது. இங்கே அப்படியில்லை. முதலில் வருபவர் கையை நனைத்து வேலை செய்தவர், கடைசியில் வருபவர் ஆய்வகத் தலைவர். நடுவில் வருபவர் முக்கியமான ஒரு சோதனையைச் செய்தவராகவும் இருக்கலாம், ஒரு மாதிரியை அனுப்பி வைத்தவராகவும் இருக்கலாம். ஹெச்-இண்டெக்ஸுக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

துறைக்குத் துறை மாறும் என்பதை ஹிர்ஷே முதல் கட்டுரையில் சொல்லிவிட்டார். அவர் கணக்கிட்டபோது இயற்பியலில் உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110. உயிரியலில் நரம்பியல் ஆய்வாளர் சாலமன் ஸ்னைடருக்கு 191. இயற்பியலாளர் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. உயிரியலில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் இருக்கும் பட்டியல் நீளம். உயிர்மருத்துவத்துக்குள்ளேயே புற்றுநோய் ஆய்வும் ஒட்டுண்ணி ஆய்வும் இதே மாதிரி வேறு வேறு உயரத்தில் நிற்பவை. போதாக்குறைக்கு இந்த எண் ஏறும், இறங்கவே இறங்காது. ஆள் ஆய்வை விட்டுப் பத்து ஆண்டு ஆனாலும் ஏறிக்கொண்டே இருக்கும். 2020இல் ஹிர்ஷ் தானே, இந்த அளவுகோல் படுதோல்வி அடையக்கூடியது, எதிர்பாராத கெடுதல்களையும் செய்யக்கூடியது என்று எழுதினார். பெற்றவரே அப்படிச் சொன்ன பிறகும் விண்ணப்பப் படிவங்களில் அந்தக் கட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அது ஆய்விதழுக்கு உரிய எண், ஆளுக்கு உரியதே கிடையாது. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் வந்தது என்பதைச் சொல்வது. சராசரி எப்படிப் பல்லிளிக்கும் என்பதற்குப் படிகவியல் இதழ் ஒன்று நல்ல உதாரணம். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழின் எண் 2 அளவில் இருந்தது. 2009க்கான கணக்கில் 49.9 ஆனது. காரணம், 2008இல் அதில் வந்த ஒரே ஒரு கட்டுரை. புரதங்களும் மூலக்கூறுகளும் எப்படி அமைந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைப் பற்றியது. பக்கத்துக் கட்டுரையை எழுதியவருக்கும் அந்த 49.9இல் பங்கு உண்டா? இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆட்களை எடைபோடக் கூடாது என்ற சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2012இல் அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில்தான் உருவானது. அதாவது இந்தப் புகார் உயிர்மருத்துவத்தின் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. இந்தத் தெரிவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆர்.சி.ஆர்.: என் சாய்வு இந்தப் பக்கம்

உயிர்மருத்துவத்துக்கென்றே செய்த அளவுகோல் ஒன்று இலவசமாகக் கிடக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களான என்.ஐ.ஹெச். நடத்தும் ஐசைட் என்ற தளம் அது. அதன் முக்கிய எண் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம், சுருக்கமாக ஆர்.சி.ஆர். 2016இல் பிளாஸ் பயாலஜி இதழில் வெளியிட்டார்கள்.

அதன் தந்திரம் எனக்குப் பிடித்தது. ஒரு கட்டுரை எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதை அது வந்த இதழின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் கூடவே வேறு எந்தெந்தக் கட்டுரைகளைக் காட்டுகிறார்கள் என்று பார்க்கிறது. அந்தக் கூட்டாளிகள்தான் அதன் துறை. பிறகு, அந்தத் துறையின் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கட்டுரைக்கு ஆண்டுக்கு எத்தனை மேற்கோள் வருகிறது என்று கணக்கிடுகிறது. என்.ஐ.ஹெச். நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமட்டம் 1.0. ஒரு கட்டுரைக்கு 2.0 என்றால், தன் துறையில் அந்த நடுமட்டக் கட்டுரையைப் போல இரண்டு மடங்கு மேற்கோள். புற்றுநோய்க்காரரையும் ஒட்டுண்ணிக்காரரையும் இப்போது ஒரே மேசையில் உட்கார வைக்கலாம்.

செய்து பார்ப்பது சுலபம். உயிர்மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் ஆய்வாளரின் பெயரைத் தேடி, அவருடையதல்லாத கட்டுரைகளைக் கையால் நீக்கி, மீதியின் அடையாள எண்களை ஐசைட்டில் ஒட்டினால் போதும். நீக்குகிற வேலையைச் சலிக்காமல் செய்ய வேண்டும். தக்காளி வைரஸை மறக்க வேண்டாம். அடுத்த திரையில் கட்டுரை வாரியாக ஆர்.சி.ஆர்., அவற்றின் சராசரி, நடுமதிப்பு, கூட்டுத்தொகை எல்லாம் வரும். நான் சராசரியை விட்டுவிட்டு நடுமதிப்பைத்தான், அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்ணைத்தான் பார்ப்பேன். ஒரே ஒரு புகழ்பெற்ற தொகுப்புரை சராசரியைத் தூக்கிவிடும். நடுமதிப்பை அது அசைக்காது.

அதே தளத்தில் ஒரு முக்கோணப் படமும் இருக்கிறது. ஒரு மூலை மனிதர், ஒரு மூலை விலங்கு, ஒரு மூலை மூலக்கூறும் செல்லும். ஆய்வாளரின் கட்டுரைகள் எந்த மூலையில் குவிந்திருக்கின்றன என்பது புள்ளிகளாகத் தெரியும். "நான் நோயாளிகளுக்குப் பயன்படும் ஆய்வு செய்கிறேன்" என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பவரின் புள்ளிகள் எல்லாம் எலியின் மூலையில் கிடந்தால், நேர்காணலில் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. மருத்துவச் சோதனைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் அந்தக் கட்டுரைகளை எடுத்தாண்டிருக்கின்றனவா என்பதையும் தனியாகக் காட்டுகிறது. ஆய்வகத்தில் தொடங்கிய ஒன்று படுக்கையருகே போய்ச் சேர்ந்ததா என்று கேட்பவர்களுக்கு ஹெச்-இண்டெக்ஸ் பதிலே சொல்லாது. இது அரைகுறையாகவாவது சொல்கிறது.

குறை இல்லையா என்றால், உண்டு. பப்மெட்டில் இல்லாத கட்டுரை இதற்குத் தெரியாது. பொறியியல் பக்கம் பாதி காலை வைத்திருக்கும் மருத்துவக் கருவி ஆய்வாளருக்கு இது அநியாயம் செய்யும். புதிதாக வந்த கட்டுரைக்கு எண் நிலைக்காது. சின்னத் துறையின் கட்டுரை ஒன்றைப் பெரிய துறைக்காரர்கள் மேற்கோள் காட்ட ஆரம்பித்தால், ஒப்பிடும் கூட்டமே மாறி எண் இறங்கவும் கூடும். பரவலாகப் பயன்பட்டதற்குத் தண்டனை மாதிரி.

ஸ்கோப்பஸிலும் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறான், எஃப்.டபிள்யூ.சி.ஐ. என்று பெயர். அதில் 1.00 என்பது உலகச் சராசரி. துறையை இதழின் வகைப்பாட்டை வைத்து முடிவு செய்யும். உயிர்மருத்துவத்துக்கு வெளியேயும் கை நீளும் ஆய்வாளர் என்றால் அதை எடுக்கலாம். குறைந்த கட்டுரை எழுதியவருக்கு மட்டும் வேண்டாம், ஒரே கட்டுரை அதைத் தூக்கி நிறுத்திவிடும்.

மேற்கோள் எதைச் சொல்வதில்லை

எந்த எண்ணை எடுத்தாலும் அடியில் இருப்பது மேற்கோள்தான். அதற்கு எத்தனை முகங்கள் உண்டு என்பதையும் பார்த்துவிடலாம்.

அறிவியல் வரலாற்றில் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை உயிர்வேதியியலைச் சேர்ந்தது. 1951இல் ஆலிவர் லவ்ரி குழுவினர் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. நேச்சர் இதழ் 2014இல் கணக்கெடுத்தபோது 3,05,000க்கும் மேல் மேற்கோள். அது பெரிய கட்டுரை இல்லை என்பது தனக்கே தெரியும் என்று லவ்ரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் புரதம் அளந்தார்கள், எல்லோரும் அவர் பெயரைப் போட்டார்கள். அடுத்த இரண்டு இடங்களும் புரதம் சார்ந்த ஆய்வக முறைகளுக்குத்தான். ஒரு முறையைக் கொடுத்தவரும் ஒரு நோயின் காரணத்தைக் கண்டவரும் செய்த உதவி ஒரே மாதிரி இல்லை. இருவரும் வேண்டும். ஆனால் ஒரே தராசில் வைக்க முடியாது.

மேற்கோள் எதிர்ப்பாகவும் இருக்கலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998இல் லான்செட்டில் வந்து, 2010இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கு மேற்கோள்கள் குவிந்தன. பெரும்பாலானவை அது தவறு என்று சொல்ல வந்தவை. எண்ணும் இயந்திரத்துக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதான். 2006இல் நேச்சரில் வந்து, 2,000க்கும் மேல் மேற்கோள் வாங்கிய அல்சைமர் ஆய்வு ஒன்று, படங்கள் மாற்றப்பட்டிருந்த காரணத்தால் 2024 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. அதற்காக யாருடைய ஹெச்-இண்டெக்ஸும் தானாகக் குறைந்துவிடவில்லை. இங்கே பப்மெட் உதவும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் தலையிலேயே அறிவிப்பைப் போட்டுவிடும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தொகுத்த பட்டியலை, கட்டுரைகளுக்கு அடையாள எண் கொடுக்கும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023இல் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. பெயரை அதில் ஒருமுறை தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

சுயமேற்கோளும் உண்டு. தன் முந்தைய வேலையின் தொடர்ச்சியைத்தான் ஆய்வாளர் எழுதுகிறார், தன்னைச் சுட்டாமல் எழுத முடியாது. ஜான் அயானிடிஸ் குழு 2019இல் சுமார் ஒரு லட்சம் ஆய்வாளர்களைப் பட்டியலிட்டபோது சுயமேற்கோளின் நடுமதிப்பு 12.7 சதவீதம். அந்த அளவு இயல்பு. பாதிக்கு மேல் போனால் காரணம் கேட்கலாம்.

எதிர்ப்பக்கம் ஒரு காட்சி. கடாலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் எம்.ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றை மாற்றி, உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் வழியைக் கண்டுபிடித்து 2005இல் இம்யூனிட்டி இதழில் வெளியிட்டார்கள். நேச்சர் அதை ஏற்கவில்லை. கரிக்கோவுக்கு அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1995இல், பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கம் நடந்திருந்தது. கட்டுரை வந்த பிறகும் உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வழியைப் பயன்படுத்திய கோவிட் தடுப்பூசிகள் வந்ததும், 2020க்குப் பிறகு அதன் மேற்கோள் கோடு செங்குத்தாக ஏறியது, 2023இல் நோபல். 2010இல் ஒரு குழு அவருடைய எண்களைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் என்ன எழுதியிருக்கும்? ஆர்.சி.ஆர். பார்த்திருந்தாலும் பெரிதாகத் தப்பித்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், என் சாய்வுக்கு எதிராக.

முடிவெடுக்கப் போகிறவர் யார்

மாணவி முதலில். அவளுக்கு ஹெச்-இண்டெக்ஸால் ஒரு பயனும் இல்லை. பப்மெட்டின் மேம்பட்ட தேடலில் கடைசி ஆசிரியர் என்று குறிப்பிட்டு அவர் பெயரைப் போடட்டும். வருகிற கட்டுரைகளின் முதல் ஆசிரியர்கள்தான் பெரும்பாலும் அவருடைய மாணவர்கள். எத்தனை வெவ்வேறு பெயர்கள்? ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து, மற்றவர்கள் நடுவிலேயே தங்கிவிடுகிறார்களா? அந்த மாணவர்களின் முதல் கட்டுரை எத்தனை ஆண்டில் வந்தது, பிறகு எங்கே போனார்கள்? ஒரு மணி நேர வேலை. மேற்கோள் 5,000 இருந்தும் கடந்த ஆறு ஆண்டுகளில் ஒரு மாணவர் பெயரும் முன்னால் வராத ஆய்வகத்தைவிட, 400 மேற்கோளோடு ஆண்டுக்கு ஒரு மாணவரை முதல் ஆசிரியராக அனுப்பும் ஆய்வகம் அவளுக்கு நல்லது.

நிதி கொடுப்பவருக்கு ஐசைட். கடந்த ஐந்து ஆண்டுகளின் ஆர்.சி.ஆர். நடுமதிப்பு, முக்கோணம், மருத்துவச் சோதனைகள் எடுத்தாண்டவை. ஐந்துக்கு முந்தையதைப் பார்த்தால் பழைய புகழுக்குப் பணம் கொடுப்பதாகிவிடும். இளம் ஆய்வாளர் என்றால் எண்ணை ஒதுக்கிவிட்டுத் திட்டத்தைப் படிக்க வேண்டியதுதான், அவருக்கு மேற்கோள் வரக் காலமே ஆகவில்லை.

தேர்வுக் குழுவுக்கு நான் சொல்வது கொஞ்சம் கசக்கும். ஆயிரம் விண்ணப்பத்தைப் பத்தாக்க ஏதாவது ஒரு வடிகட்டி வேண்டும் என்பது புரிகிறது, அதற்கு ஆர்.சி.ஆரும் முதல், கடைசி ஆசிரியர் எண்ணிக்கையும் போதும். பத்து பேர் ஆனதும் எண்களை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் "உங்கள் மூன்று கட்டுரைகளை நீங்களே தேர்ந்தெடுத்து, அதில் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். அந்த மூன்றையும் குழுவில் ஒருவராவது முழுக்கப் படிக்க வேண்டும். பிறகு அவற்றை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஐந்தைத் திறந்து, அந்த வாக்கியத்தை மட்டும் பார்க்க வேண்டும். "இதற்கு முன் பலர் ஆராய்ந்துள்ளனர்" என்று ஒரே அடைப்புக்குள் எட்டுப் பெயரோடு வருகிறதா, "இவர்கள் காட்டிய முறையைப் பின்பற்றி" என்று வருகிறதா? முதல் வகை கும்பலில் ஒரு தலை. இரண்டாவது வகை வந்தால் அந்த ஆய்வு வேறொருவர் கையில் வேலை செய்திருக்கிறது.

அந்தக் கற்பனை இருவருக்கும் இதைச் செய்து பார்த்தேன் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் சொந்த ஆய்வகக் கட்டுரைகளின் ஆர்.சி.ஆர். நடுமதிப்பு 0.6, மேற்கோள்கள் அடைப்புக்குள் எட்டில் ஒன்று. இரண்டாமவருக்கு 1.4, அந்த அரிய நோயை ஆராயும் கூட்டம் சிறியது என்பதால் பன்னிரண்டு மேற்கோளே அங்கே பெரிது, அதில் நான்கு பேர் அவருடைய செல் வளர்ப்பு முறையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பல நாட்டுக் கூட்டுத் திட்டம் ஒன்றை ஒருங்கிணைக்க ஆள் வேண்டுமானால் முதலாமவரைக் கூப்பிடுவேன், நூறு பேரோடு சண்டையில்லாமல் வேலை செய்து பழகியவர். புதிதாக ஓர் ஆய்வகம் தொடங்க என்றால் இரண்டாமவரை. ஆனால் அதற்கு முன் அந்த நான்கு பேரில் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, முறை உங்களிடமும் ஒழுங்காக வந்ததா என்று கேட்டுவிடுவேன்.